கொடி மாறியது, வானொலியின் எண் மாறியதா?

ஒரு பழைய இழுவைப் படகு சிங்கப்பூர் உரிமையாளரிடமிருந்து கிள்ளான்காரர் ஒருவரின் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை பேசி முடித்தாயிற்று. சிங்கப்பூர்ப் பதிவை ரத்து செய்து மலேசியப் பதிவில் சேர்த்தாயிற்று. பின்புறத்தில் இருந்த பழைய பெயரையும் துறைமுகத்தின் பெயரையும் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதியாயிற்று. ஜாலூர் கெமிலாங் பறக்கிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது மலேசியப் படகுதான். ஆனால் சுக்கான் அறையில் இருக்கும் வானொலியைக் கேட்டால், அது இன்னும் தன்னைச் சிங்கப்பூர்ப் படகு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் பதிந்திருக்கும் ஒன்பது இலக்க எண்ணை யாரும் மாற்றவில்லை.

கடலில் ஒன்றும் நடக்காதவரை இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. நடந்துவிட்டால் அந்த எண்தான் முதலில் பேசும்.

எம்எம்எஸ்ஐ என்று ஆங்கில எழுத்துகளால் அழைக்கப்படும் இந்த எண்ணுக்குத் தமிழில் பழகிய சொல் இல்லை. நாவாய், கலம், வங்கம், தோணி, புணை என்று மிதப்பவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது; இந்த எண் மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயிற்று. இங்கே ‘கடல் அடையாள எண்’ என்று எழுதுகிறேன்.

நம் மைகார்டு எண்ணின் நடுவில் இருக்கும் இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே ஒருவர் எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்று தெரிந்துவிடும். 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர். கடல் அடையாள எண்ணில் அந்த வேலையை முதல் மூன்று இலக்கங்கள் செய்கின்றன. 533 என்று தொடங்கினால் மலேசியா, 525 இந்தோனேசியா, 567 தாய்லாந்து, 419 இந்தியா. கப்பல் பதிவு அதிகம் உள்ள சிங்கப்பூருக்கு 563 முதல் 566 வரை நான்கு தொடக்கங்கள். இவற்றை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஐநாவின் கீழ் இயங்கும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். மீதி ஆறு இலக்கங்களை அந்தந்த நாடே கொடுக்கும்.

இந்த ஒப்பீடு ஓரிடத்தில் பொருந்தாது. ஈப்போவில் பிறந்தவர் ஷா ஆலாமில் குடியேறினாலும் அவருடைய மைகார்டு எண் மாறப்போவதில்லை. படகு கொடியை மாற்றினால் எண்ணும் மாறியே ஆக வேண்டும். ஆகவே இதை லாரியின் பதிவெண்ணோடு வைத்துப் பார்ப்பது இன்னும் சரி. லாரிக்குப் பதிவெண் தவிர சேசிஸ் எண் என்று ஒன்று உண்டு. அது கடைசிவரை மாறாது. பெரிய கப்பல்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. ஐஎம்ஓ எண் எனப்படும் அந்த ஏழு இலக்கங்கள் கப்பலைக் கட்டும்போது கிடைக்கும், உடைக்கும் நாள்வரை கூடவே வரும். பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் அது மாறாது. ஆனால் நம் கரையோரம் ஓடும் சிறிய படகுகள் பலவற்றுக்கு அது கிடையாது. அவற்றுக்கு வானொலிக்குள் இருக்கும் ஒன்பது இலக்கம்தான் முகம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேரித் தீவின் தோட்ட வீடுகளிலிருந்து கிள்ளான் துறைமுகம் எவ்வளவு தூரம்? பாசிர் கூடாங்கிலும் கெமாமானிலும் மீரியிலும் இழுவைப் படகு, பொருள் ஏற்றிச் செல்லும் படகு, எண்ணெய்த் தளப் படகு என்று நம் பிள்ளைகளும் வேலைக்கு ஏறுகிறார்கள். இயந்திர அறையில் இருப்பவர், தளத்தில் கயிறு பிடிப்பவர், சமையல்காரர் என யாராக இருந்தாலும், இரவில் படகு சாய்ந்தால் அவர் உயிரும் இந்த எண்ணைப் பிடித்துத்தான் தொங்கும்.

உலகக் கடல் அபாயத் தொடர்பு ஏற்பாடு 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெரிதும் மனிதக் காதை நம்பியிருந்த வேலையை அதற்குப் பின் கருவிகள் எடுத்துக்கொண்டன. இன்று படகில் பொருத்தும் விஎச்எஃப் வானொலியின் முகப்பில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மூடியைத் தூக்கிச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். 70-ஆம் அலைவரிசையில் கருவியே செய்தியை அனுப்பிவிடும்: நான் யார், எங்கே இருக்கிறேன், மணி என்ன, என்ன ஆபத்து. எவரும் ஏற்றுக்கொண்டதாகப் பதில் தராவிட்டால் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தானே மீண்டும் அனுப்பும். பிறகுதான் 16-ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்று வாயால் சொல்வது.

‘நான் யார்’ என்ற இடத்தில் படகின் பெயர் வராது. ஒன்பது இலக்கம் மட்டுமே வரும். இந்த ஏற்பாட்டின் நன்மை அதில்தான் இருக்கிறது. ஒரே படகில் மியன்மார்க்காரர், இந்தோனேசியர், தமிழர் என்று மூன்று மொழிக்காரர் இருப்பது இங்கே வழக்கம். தண்ணீர் உள்ளே வரும்போது ஆங்கிலத்தில் தெளிவாகப் பேச யாருக்கு முடியும்? எண் பேசிவிடும்.

பழைய எண்ணே இருந்தால் என்ன ஆகும்? நாம் சொன்ன அந்தக் கிள்ளான் படகு கேரித் தீவுக்கு அப்பால் இரவு இரண்டு மணிக்கு நீர் புகுந்து சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்துகிறார்கள். ஜிபிஎஸ் இணைக்கப்பட்டிருந்தால் இடமும் சேர்ந்தே போகும். அருகில் இருக்கும் கப்பல்களுக்கும் கரைக்கும் அது கேட்கும். உதவி வராமலே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்ராஜெயாவில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தில் இருப்பவர் திரையில் 563 என்று பார்க்கிறார். அந்த எண்ணுக்கு உரிய படகு எது, எத்தனை பேர் இருப்பார்கள், கரையில் யாரைக் கேட்பது என்று சிங்கப்பூரைத்தான் விசாரிக்க வேண்டும். பதிவில் இருப்பது பழைய பெயர், பழைய முதலாளி. தூக்கத்திலிருந்து எழுந்து தொலைபேசியை எடுக்கும் அவர், படகை எப்போதோ விற்றுவிட்டேன், இப்போது யாரிடம் என்று தெரியாது என்பார். பழைய நாடு அந்த எண்ணை வேறொரு படகுக்குக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் படகு துறையில் பத்திரமாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்து, வந்தது தவறுதலாக அழுத்திய அழைப்பு என்று நினைத்துவிட இடம் உண்டு.

ஜிபிஎஸ் இணைக்காத வானொலிகளும் கடலில் ஓடுகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அப்போது தேடுபவர் கையில் இருக்கும் ஒரே நூல் அந்த எண்தான்.

வானொலியோடு முடிவதில்லை. படகு மூழ்கினால் தானே விடுபட்டு மிதந்து 406 மெகாஹெர்ட்சில் துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று உண்டு. இபெர்ப் என்று கடலோடிகள் சொல்வார்கள். அதற்குள்ளும் நாட்டுக் குறியீடு பதிந்திருக்கிறது. துணைக்கோள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மையத்துக்கும் தகவல் போகும். இடம் தெரிவதற்கு முன்பே வரும் முதல் எச்சரிக்கை, கருவியில் எந்த நாட்டின் குறியீடு இருக்கிறதோ அந்த நாட்டுக்குத்தான் போகும். அந்த நாடு தன் பதிவேட்டைப் புரட்டி உரிமையாளரை அழைக்கும். மலாக்கா நீரிணையில் இருப்பவருக்காக முதல் தொலைபேசி மணி அடிப்பது, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டில்.

இவ்வளவு முக்கியம் என்றால் எண்ணை மாற்றிவிட வேண்டியதுதானே? மாற்றத்தான் முடிவதில்லை. பெரும்பாலான விஎச்எஃப் வானொலிகளில் வாங்கியவர் இந்த எண்ணை ஒரு முறை மட்டுமே பதிய முடியும். சில கருவிகளில் இரண்டு முறை. அதற்கு மேல் கருவி பூட்டிக்கொள்ளும். படகின் இடத்தையும் வேகத்தையும் பிற கப்பல்களுக்கு ஓயாமல் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவிகளிலும் சிறிய படகுகளுக்கானவை பெரும்பாலும் இப்படித்தான். திறக்க வேண்டுமென்றால் விற்பனையாளரிடம் அல்லது தயாரித்த நிறுவனத்திடம் கொண்டுபோக வேண்டும். இபெர்ப் கருவியை உரிமையாளர் தொடவே முடியாது. அங்கீகாரம் பெற்ற பணிமனையில்தான் புதிய குறியீட்டை ஏற்ற வேண்டும்.

இந்தப் பூட்டு தேவையா? தேவைதான் என்பது என் கருத்து. நினைத்தபோதெல்லாம் மாற்றக்கூடிய எண்ணுக்கு அடையாள எண் என்று பெயர் வைப்பதில் பொருள் இல்லை. திருடிய படகின் எண்ணைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போக ஒருவருக்கு வழி இருக்கக் கூடாது. ஆனால் பூட்டைச் செய்தவர்கள், படகு கைமாறும், கொடி மாறும் என்பதை அதிகம் யோசிக்கவில்லை. நேர்மையாகச் செய்ய நினைக்கும் உரிமையாளர் வானொலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை படகு ஓடவில்லை என்றால் கூலி யார் கொடுப்பது? கணக்குப் போட்டுப் பார்த்துப் பலர் புதிய வானொலியே வாங்கிவிடுகிறார்கள். அது நல்ல முடிவு. செலவும் சில நேரம் குறைவு. சிலர் பழைய எண்ணோடே ஓட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் இணையத்தில் ஏதோ பொத்தான் சேர்க்கையைப் பார்த்துப் பூட்டை உடைத்து, உரிமத்தில் இல்லாத ஓர் எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். மூன்றில் ஆபத்தானது இதுதான். பழைய எண்ணுக்காவது பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். தட்டிவிட்ட எண்ணுக்குப் பின்னால் யாருமே இல்லை, அல்லது எங்கோ ஓடும் வேறொரு கப்பல் இருக்கிறது.

தாள் வேலையும் ஒரே கதவில் முடிவதில்லை. நம் நாட்டில் கப்பல் பதிவைப் பார்ப்பது கடல் துறை. வானொலி அலைக்கற்றையும் உரிமமும் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் எம்சிஎம்சி ஆணையத்தின் பொறுப்பு. பழைய நாட்டின் வானொலி உரிமத்தை ரத்து செய்வது இன்னொரு வேலை. அதை விற்றவர் செய்ய வேண்டும். காசு கைக்கு வந்தபின் அதற்கு அவர் எவ்வளவு அக்கறை காட்டுவார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சிறிய படகுக்காரர் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்க, கடலின் மறுபக்கத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். ஜொகூருக்குக் கிழக்கே, துறைமுக எல்லைக்கு வெளியே, எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று சரக்கை மாற்றிக்கொள்ளும் செய்தி நமக்குப் புதிதல்ல. தடை விதிக்கப்பட்ட நாடுகளின் எண்ணெய் அங்கே கைமாறுகிறது என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாக இருக்கிறது. 2025-இல் மலேசியா இதற்கெதிரான நடவடிக்கையைக் கடுமையாக்கப்போவதாக அறிவித்தது. அங்கே வந்து நிற்கும் கப்பல்களில் பல வயதானவை. அடிக்கடி பெயரையும் கொடியையும் மாற்றுபவை. கொடி மாறும்போதெல்லாம் கடல் அடையாள எண்ணும் மாறும். வரைபடத்தில் பின்தொடர்பவருக்கு ஒரு கப்பல் மறைந்து இன்னொன்று முளைத்ததுபோல் தெரியும். ஐஎம்ஓ எண் இருப்பதால் கண்டுபிடிக்கலாம் என்பீர்கள். உடைத்துப் போட்ட கப்பலின் ஐஎம்ஓ எண்ணைத் தன்னுடையதாகக் காட்டிக்கொண்டு ஓடும் கப்பல்களும் பிடிபட்டிருக்கின்றன.

2023 மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, ஜொகூர் கடலில் ‘பாப்லோ’ என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்துத் தீப்பிடித்தது. 1997-இல் கட்டப்பட்ட, பலமுறை பெயரும் கொடியும் மாறிய கப்பல் அது. அன்று அதில் இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக் கொடி. 28 பணியாளர்களில் 25 பேர் மீட்கப்பட்டனர், மூவர் காணாமல் போயினர். பணியாளர்களில் இந்தியர்களும் இருந்தனர். அடுத்த ஆண்டு, 2024 ஜூலை 19-ஆம் தேதி, பெட்ரா பிராங்காவுக்கு வடகிழக்கே சிங்கப்பூர்க் கொடி கொண்ட ‘ஹாஃப்னியா நைல்’ கப்பலும், சாவோ தோமே பிரின்சிப்பே கொடி கொண்ட ‘சீரிஸ் 1’ கப்பலும் மோதித் தீப்பிடித்தன. சீரிஸ் 1 அங்கிருந்து நகர்ந்துவிட்டது. தடங்காட்டும் கருவியை அது அணைத்திருக்கலாம் என்று மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனமான ஏபிஎம்எம் கூறியது. இரண்டு நாளுக்குப் பிறகு இழுவைப் படகுகளோடு அது பிடிபட்டது. காபோனின் எண் 626 என்று தொடங்கும், சாவோ தோமேயின் எண் 668 என்று. ஜொகூர்க் கரையிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு நாடுகளும் உலகின் மறுகோடியில் இருக்கின்றன.

சில கப்பல்களுக்குக் கொடி மாற்றம்கூடத் தேவைப்படுவதில்லை. 2025 டிசம்பரில் வெனிசுவேலா அருகே அமெரிக்கா கைப்பற்றிய ‘ஸ்கிப்பர்’ கப்பல் கயானாவின் கொடியைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கப்பல் தன் பதிவேட்டிலேயே இல்லை என்று கயானா அரசு சொன்னது.

பூட்டு இருக்கும்போது இவர்களால் எப்படி முடிகிறது? பெரிய கப்பல்களின் ஏஐஎஸ் கருவியில் எண்ணை மாற்றுவது தொழில்நுட்பரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலை. காசு இருப்பவருக்குத் தொழில்நுட்பர் கிடைப்பார். அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஏஐஎஸ் அனுப்பும் செய்தியில் கையெழுத்து, முத்திரை என்று எதுவும் இல்லை. எதிர்முனையில் கேட்கும் கருவி, வந்த எண்ணை அப்படியே நம்பிவிடும். உண்மை சொல்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டிய ஏற்பாடு அது. 300 டன்னுக்கு மேற்பட்ட, நாடுவிட்டு நாடு செல்லும் கப்பல்கள் எல்லாம் 2004 இறுதிக்குள் இதைப் பொருத்த வேண்டும் என்று விதித்தபோது, மோதலைத் தவிர்ப்பதுதான் முதல் நோக்கம். தடையை ஏய்க்கும் கப்பலைப் பிடிக்க யாரும் இதை வடிவமைக்கவில்லை.

ஆக, கதவில் பூட்டு இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டு நிற்பவர் பழைய படகை வாங்கிய கிள்ளான்காரர். சுவர் ஏறிக் குதிப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை. சிகப்பு அடையாள அட்டைக்காகவும் பிறப்புப் பத்திரத்துக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. விதி யாரைத் துரத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்? கொடி மாறிய படகுக்குப் பதிவுச் சான்றிதழைக் கையில் கொடுப்பதற்கு முன், அதில் உள்ள வானொலி, ஏஐஎஸ், இபெர்ப் மூன்றிலும் புதிய எண் ஏறிவிட்டதற்கான தொழில்நுட்பரின் தாளைக் கேட்கலாம். அனைத்துலகப் பயணம் செல்லும் பெரிய கப்பல்களின் ஏஐஎஸ் கருவியை ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. சிறிய படகுக்குக் கைமாறும் அன்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும். கேட்பதற்கு முன் வழியும் இருக்க வேண்டும். கிள்ளானிலும் பினாங்கிலும் ஜொகூரிலும் பூட்டைத் திறக்க அனுமதி பெற்ற பணிமனைகள் இருந்து, பதிவுத் தாளைக் காட்டினால் அன்றே முடித்துக் கொடுத்தால், பழைய எண்ணோடு ஓட்டுகிறேன் என்று யாரும் அடம்பிடிக்கப் போவதில்லை. ஜொகூருக்குக் கிழக்கே நிற்கும் கப்பல்களை இது தடுக்காது. அவர்களைப் பிடிக்கத் துணைக்கோள் படமும் ரோந்துப் படகும் துறைமுகச் சோதனையும் வேண்டும். ஆனால் நேர்மையான படகுகளின் எண்கள் எல்லாம் சரியாக இருந்தால்தான் பொய் எண் தனியாகத் தெரியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 கப்பல்கள் கடக்கும் நீரிணையில், தெரியாமல் தவறான எண்ணோடு ஓடும் ஒவ்வொரு படகும், வேண்டுமென்றே ஓடுபவனுக்கு மறைவிடம் கொடுக்கிறது.

படகு வாங்குபவர்கள் விலை பேசும்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. வானொலியின் எண்ணை மாற்ற இன்னும் வாய்ப்பு மிச்சம் இருக்கிறதா, பூட்டிக்கொண்டுவிட்டதா என்பது முதலாவது. பூட்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். விற்றவர் தம் உரிமத்தை ரத்து செய்த தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண்ணைப் பதியும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று இலக்கம் இலக்கமாகப் படிக்கட்டும். ஓர் இலக்கம் தவறினாலும் அந்த ஒரே வாய்ப்பு போய்விடும். பதிந்த பிறகு சோதிக்கச் சிவப்புப் பொத்தானைத் தொடக் கூடாது. அதற்கென்று சோதனை அழைப்பு தனியாக இருக்கிறது. தெரிந்த இன்னொரு படகுக்கு அனுப்பி, அவர்கள் திரையில் எந்த எண் வந்தது என்று கேட்கலாம். கையில் எடுத்துச் செல்லும் சிறிய வானொலியை மறந்துவிடுகிறார்கள். சிவப்புப் பொத்தான் உள்ள கைவானொலிக்கும் எண் உண்டு.

படகில் வேலைக்கு ஏறும் தம்பிகளுக்கு இதில் உரிமை இல்லை என்று நினைக்க வேண்டாம். பல வானொலிகளில் அமைப்புப் பட்டியலைத் திறந்தால் எண் தெரியும். சிலவற்றில் கருவியை உயிர்ப்பிக்கும்போதே திரையில் வரும். மலேசியக் கொடி பறக்கும் படகில் அது 533 என்று தொடங்கவில்லை என்றால் கேப்டனிடம் கேளுங்கள். இபெர்ப் கருவியின் மேல் 15 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒட்டியிருக்கும். கருவி இப்போது எந்த நாட்டில், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அங்கே கொடுத்திருக்கும் தொலைபேசி எண் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டிலும் சொல்லி வையுங்கள்.